குதிரைக்குன்னு எழுதியிருந்த பாட்டில்

போன மாசம் நல்ல மழை பேஞ்சு ஆத்துல தண்ணி ஏறி வடிஞ்ச பிறகு கரையோரமா நடக்கப் போனப்ப எனக்கு ஒரு பாட்டில் கிடைச்சுது. நான் இருக்கறது ஆஸ்திரேலியால விக்டோரியா மாநிலத்துல ஒரு சின்ன ஊரு. ஊருக்கு வெளிய ஒரு பழைய குதிரை ரேஸ் மைதானம், அதுக்குப் பின்னாடி ஆறு. மண்ணுல பாதி புதைஞ்சு கழுத்து மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, யாரோ குடிச்சிட்டு போட்ட பாட்டில்னு நினைச்சு தாண்டிப் போயிருப்பேன், ஆனா வெயில் பட்டதும் பச்சையும் நீலமும் கலந்த மாதிரி ஒரு நிறம் தெரிஞ்சுது, அந்த நிறத்துல இப்ப யாரும் பாட்டில் பண்றது இல்ல. உக்காந்து கையாலயே தோண்டி எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுத் தேய்ச்சு கழுவினேன். கண்ணாடிக்குள்ள மிளகு சைஸ்ல காத்துக் குமிழிங்க. ஒரு பக்கம் கனமா இருக்கு, ஒரு பக்கம் மெலிசா இருக்கு. அச்சுல ஊத்தின தையல் கோடு ரெண்டு பக்கமும் மேல ஏறி வந்து கழுத்துலயே நின்னுபோகுது, வாய் பாகத்தை ஒருத்தர் தனியா கையால சேர்த்து முடிச்சிருக்காரு. கண்ணாடிலயே எழுத்து புடைச்சுக்கிட்டு இருக்கு, விரல வச்சுத் தடவினா படிக்கலாம். எல்லிமேன்ஸ் ராயல் எம்ப்ரோகேஷன், அதாவது வலிக்குத் தேய்க்கற தைலம், குதிரைகளுக்கு. கீழ, தயாரிச்ச ஊர், இங்கிலாந்துல இருக்கற ஸ்லௌ.

நான் பார்மசிஸ்ட். நாள் முழுக்க கவுண்டருக்குப் பின்னாடி நின்னு மருந்து எடுத்துக் குடுக்கறதும், இதை எப்படி சாப்பிடணும், எதோட சேர்க்கக் கூடாதுன்னு சொல்றதும் தான் வேலை. அதனால பழைய மருந்து பாட்டில்னாலே எனக்கு உள்ள என்ன இருந்துச்சு, யார் யாருக்கு குடுத்தாங்கன்னு தெரிஞ்சே ஆகணும். இந்த ஒரு பாட்டில் என்னை ஒரு மாசமா ராத்திரி தூங்க விடல. ஆஸ்திரேலியா தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் பண்ணி ட்ரோவ்னு ஒரு தளத்துல இலவசமா போட்டு வச்சிருக்காங்க, 1800கள்ல ஆரம்பிச்சு ஊர் ஊரா வந்த பேப்பர் எல்லாம் அதுல இருக்கு, குழந்தைங்க தூங்கினதும் அதைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்துடுவேன்.

அந்த சின்ன ஊரு பேப்பருங்களை நாலு நாள் தொடர்ந்து பாத்தா ஒண்ணு கண்ணுல படும். ரேஸ் அறிவிப்பும் மருந்து விளம்பரமும் ஒரே பக்கத்துல, பல நேரம் ஒட்டி ஒட்டி இருக்கும். இந்தப் பத்தில மெய்டன் பிளேட், லேடீஸ் பர்ஸ், பப்ளிகன்ஸ் பர்ஸ், ஹாக் ரேஸ்னு பந்தயப் பட்டியல். பக்கத்துப் பத்தில ஹாலோவே மாத்திரை, ஹாலோவே களிம்பு, கீழ ஒரு நீள லிஸ்ட், காய்ச்சல், மூட்டுவலி, மஞ்சக்காமாலை, நீர்க்கோவை, மூலம், ஆஸ்துமா, பெண்களுக்கு வர்ற கோளாறுகள், எல்லாத்துக்கும் ஒரே மாத்திரை. நம்ம ஊருல சர்வரோக நிவாரணின்னு சொல்வோமே, அந்த வார்த்தைக்கு நேரா ஒரு படம் போடணும்னா அந்தப் பத்தியைத் தான் போடணும்.

இது ரெண்டும் ஏன் ஒண்ணா இருந்துச்சுன்னு புரிஞ்சுக்க அந்த கால ரேஸ் நாள் எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும். இந்த நாட்டுல முறைப்படி நடந்த முதல் ரேஸ் 1810 அக்டோபர்ல, சிட்னி ஹைட் பார்க்ல. மெக்குவாரி கவர்னரா இருந்தப்ப 73வது ரெஜிமெண்ட் ஆபீசர்ங்க நடத்தினாங்க. மெல்போர்ன் ஃப்ளெமிங்டன்ல 1840ல ஆரம்பிச்சாங்க. அதெல்லாம் நகரத்துக் கதை, என்னைப் பிடிச்சு வச்சிருக்கறது நாட்டுப்புறத்து ரேஸ். 1851ல விக்டோரியால தங்கம் கிடைச்சுது, அப்ப இங்க சுமார் 77 ஆயிரம் பேர், பத்தே வருஷத்துல 5 லட்சத்து 40 ஆயிரம் பேர் ஆகிட்டாங்க. கூடாரம் போட்ட இடமெல்லாம் ஊராச்சு, ஊருன்னா முதல்ல ஒரு சாராயக்கடை, அப்புறம் ஒரு ரேஸ். பல இடத்துல ரேஸை நடத்தினதே அந்த ஹோட்டல்காரர் தான், கூட்டம் வந்தா சரக்கு விக்கும்ல. மைதானம்னு தனியா ஒண்ணும் கிடையாது, மரத்தை வெட்டி கட்டையை ஒதுக்கி, ஓடற பாதைக்கு அடையாளமா கம்பு நட்டா போதும். ஸ்டேஷன்னு இங்க சொல்ற பெரிய மாட்டுப் பண்ணைல மாடு மேய்க்க ஓட்டற குதிரையையே புல்லுல இருந்து பிடிச்சுக் கொண்டுவந்து ஓட விடுவாங்க. நாள் முழுக்க ரேஸ், ராத்திரி டான்ஸ், மறுநாள் மறுபடியும் ரேஸ்.

நூறு கிலோமீட்டர் தள்ளி ஆளே பாக்காம ஆறு மாசம் இருந்தவங்க எல்லாம் அன்னிக்குத் தான் ஒண்ணு கூடுவாங்க. கல்யாணப் பேச்சு அங்க நடக்கும், மாடு வித்த பணம் அங்க கை மாறும், கடன் அங்க தீரும். குயின்ஸ்லாந்து கடைக்கோடில பாலைவனத்து ஓரமா இருக்கற பேர்ட்ஸ்வில்ல 1882ல ஆரம்பிச்ச ரேஸ் இன்னிக்கும் நடக்குது, பிரிஸ்பேன்ல இருந்து அங்க போகணும்னா சுமார் 1600 கிலோமீட்டர். கூட்டம் கூடற இடத்துக்கு யாவாரி வராம இருப்பானா? சீட்டு வித்தை காட்றவன், குடை ராட்டினக்காரன், பழம் விக்கறவன், மேடை போட்டுக் கத்தி எதையாவது விக்கறவன் எல்லாரும் வருவாங்க. டாக்டர் மட்டும் வர மாட்டாரு. ஏன்னா டாக்டரே கிடையாது, இருந்தாலும் ஒரு நாள் சவாரி, ரெண்டு நாள் சவாரி தூரத்துல இருப்பாரு, அவருக்கு ஃபீஸ் வேற. இதை நான் திரும்பத் திரும்ப சொல்லக் காரணம், அந்த மருந்தை வாங்கினவங்களை ஏமாளின்னு சொல்ற கட்டுரைகளைப் படிச்சு எனக்குக் கோவம் வருது. ராத்திரி ரெண்டு மணிக்குப் புள்ளைக்கு உடம்பு கொதிக்குது, பக்கத்து வீடு இருபது மைல் தள்ளி, அலமாரில ஒரு பாட்டில் இருக்கு. யாரா இருந்தாலும் அதைத் தான் எடுப்பாங்க. நானும் எடுத்திருப்பேன்.

இப்ப பாட்டிலுக்கு உள்ள என்னன்னு வருவோம். விளம்பரத்துல வந்த இந்த மருந்துங்களுக்கு பேட்டண்ட் மருந்துன்னு பேரே தவிர பெரும்பாலானதுக்கு பேட்டண்ட், அதாவது காப்புரிமை, எதுவும் கிடையாது, பேட்டண்ட் வாங்கணும்னா உள்ள என்ன போட்டோம்னு எழுதிக் குடுக்கணும், அதைத் தான் அவங்க மறைக்கணும்னு நினைச்சாங்க. இங்கிலாந்துல 1783ல இருந்து இந்த மருந்துகளுக்கு முத்திரை வரி போட்டாங்க. ஒரு ஷில்லிங் (12 பென்னி) மருந்துக்கு ஒன்றரை பென்னி வரி. அதனால தான் பழைய விளம்பரத்துல எல்லாம் 1 ஷில்லிங் ஒன்றரை பென்னின்னு ஒரு விசித்திரமான விலை வரும். அந்த வரி ஸ்டாம்ப் மூடி மேல ஒட்டியிருக்கறதைப் பாத்த ஜனங்க, இது அரசாங்கமே பாத்து சரின்னு சொன்ன மருந்துன்னு நம்பிட்டாங்க. வரி கட்டின ரசீது தரச் சான்றிதழா மாறிப்போச்சு.

தாமஸ் ஹாலோவே 1837ல களிம்புல ஆரம்பிச்சாரு, அப்புறம் மாத்திரை. விளம்பரத்துக்குன்னு மட்டும் கடைசி காலத்துல வருஷத்துக்கு 50,000 பவுண்டு செலவு பண்ணினாரு, உலகத்துல எந்த மொழில பேப்பர் அடிச்சாலும் அதுல அவர் மருந்து இருக்கணும்னு பிடிவாதம், நம்ம இந்திய மொழிகளும் அதுல உண்டு. களிம்பை எப்படித் தேய்க்கணும்னா இறைச்சில உப்பைத் தேய்ச்சு ஏத்தற மாதிரி உடம்புல ஏத்தணும்னு விளம்பரம் சொல்லும். மாத்திரைல இருந்த முக்கியமான சரக்கு என்னன்னா மூசாம்பரம். நாட்டு மருந்துக் கடைல கரியபோளம்னு கேட்டாலும் குடுப்பாங்க, கத்தாழைப் பாலைக் காய்ச்சி எடுத்தது, வயித்தைக் கழுவும். அவ்வளவு தான்.

பீச்சம் மாத்திரையும் அதே கதை. தாமஸ் பீச்சம் ஆடு மேய்ச்சவரு, சந்தை சந்தையா கூவி வித்து மேல வந்தவரு. ஒரு பெட்டி ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், பெறும்னு அவர் விளம்பரம். 1909ல பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன் இந்த ரகசிய மருந்துகளை எல்லாம் லேப்ல போட்டுப் பாத்து வெளியிட்டாங்க. பீச்சம் மாத்திரைல மூசாம்பரம், சுக்குப் பொடி, சோப்பு. 56 மாத்திரை இருக்கற பெட்டிக்கு சரக்கு செலவு அரை ஃபார்திங். ஒரு பென்னில நாலுல ஒரு பங்கு தான் ஃபார்திங், அதுலயும் பாதி. வித்த விலை 1 ஷில்லிங் ஒன்றரை பென்னி. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன், சரியா 108 மடங்கு.

இதுல கூட எனக்குப் பெரிய கோவம் இல்ல. வயித்தால போனா நாலு நாள்ல சரியாகும், காசு போச்சு, உயிர் போகல. என் மனசை அறுக்கறது அந்தப் பக்கத்துல இன்னும் கொஞ்சம் கீழ, சின்ன எழுத்துல, அம்மாமார்களேன்னு கூப்பிட்டு ஆரம்பிக்கற விளம்பரம். மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப். 1849ல அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஆரம்பிச்சது, கப்பல்ல இங்க வந்து புதருக்குள்ள இருந்த வீடு வரைக்கும் போயிடுச்சு. பல்லு முளைக்கறப்ப அழற குழந்தைக்குன்னு வித்தாங்க. ஒரு அவுன்ஸ்ல 65 மில்லிகிராம் மார்ஃபின், அபின்ல இருந்து எடுக்கறது. ஒரு டீஸ்பூன் 5 மில்லின்னு வச்சா சுமார் 11 மில்லிகிராம் வருது. நான் தினமும் கைல தொடற மருந்து அது, பூட்டி வச்ச அலமாரில இருந்து கையெழுத்துப் போட்டு எடுக்கறது. இதுவரைக்கும் மார்ஃபினே தொடாத வளந்த மனுஷனுக்குக் கடுமையான வலிக்கு வாய்வழியா ஆரம்பிக்கற டோஸே கிட்டத்தட்ட அவ்வளவு தான். அதை ஆறு கிலோ எடை இருக்கற குழந்தைக்கு ஸ்பூன்ல ஊத்தினாங்க.

ஏன் ஊத்தினாங்கன்னா அது வேலை செஞ்ச மாதிரி தெரிஞ்சுது. இதைப் புரிஞ்சுக்கணும். அன்னிக்கு இங்க குழந்தைங்களை அதிகமா கொண்டுபோனது வயித்துப்போக்கு, பொறந்ததுல பத்துல ஒண்ணுக்கு மேல ஒரு வயசு தாண்டல. அபின் வகை மருந்து எல்லாமே குடலை மெதுவாக்கும், மலத்தைக் கட்டும். பேதி நிக்குது, அழுகை நிக்குது, குழந்தை தூங்குது. அந்தத் தாய்க்கு இதை விட என்ன அத்தாட்சி வேணும்? தூக்கத்துல மூச்சு குறைஞ்சுகிட்டே போறது அரிக்கேன் வெளிச்சத்துல எப்படித் தெரியும்? காலைல பாத்தா... பேதில போச்சுன்னு தான் எழுதியிருப்பாங்க. இங்க எந்தப் பழைய ஊரு கல்லறைக்குப் போனாலும் சின்னச் சின்ன கல்லா இருக்கும், 7 மாசம், 11 மாசம், ஒரு வயசு ரெண்டு மாசம்னு. அதுல எத்தனை சீக்கு, எத்தனை சிரப்னு இனிமே யாரும் பிரிச்சுச் சொல்ல முடியாது. என் சின்னவளுக்கு இப்ப 8 மாசம். அந்தக் கல்லுங்களுக்கு முன்னாடி நின்னு படிக்க எனக்கு முடியல, பாதில திரும்பி வந்துட்டேன்.

குளோரோடைனும் அப்படித் தான். டாக்டர் காலிஸ் பிரவுன்னு இந்தியாவுல பிரிட்டிஷ் ராணுவத்துல இருந்த டாக்டர் காலராவுக்குன்னு சேர்த்த கலவை, அபின் டிஞ்சர், குளோரோஃபார்ம், கஞ்சா. பெரியவங்க அதுக்கு அடிமையாகி பாட்டில் பாட்டிலா குடிச்ச கதைங்க நிறைய இருக்கு. ஆனா பெரியவங்களுக்கு வாய் இருக்கு, ஒரு மாதிரி இருக்குன்னாவது சொல்லலாம். சொல்ல முடியாதது ரெண்டே ரெண்டு. ஒண்ணு கைக்குழந்தை. இன்னொண்ணு குதிரை. வாயில்லா ஜீவன்னு நாம சொல்றது ரெண்டுக்கும் பொருந்துது, ரெண்டு வாயிலயும் அந்தக் காலத்துல கைக்குக் கிடைச்சதை எல்லாம் ஊத்தியிருக்காங்க.

அன்னிக்கு ஒரு ரேஸ்னா ஒரு ஓட்டம் இல்ல. ஹீட்னு சொல்வாங்க, ரெண்டு மைல், சில சமயம் மூணு மைல் ஓடும், அரை மணி நேரம் மூச்சு வாங்க விட்டு மறுபடியும் அதே குதிரைங்க அதே தூரம் ஓடணும், ரெண்டு ஹீட் ஜெயிக்கறது தான் ஜெயிச்சது. வேற வேற குதிரை ஆளுக்கு ஒரு ஹீட் ஜெயிச்சா இன்னொரு தடவை ஓடணும். ஆறு மைல் வேகமா ஓடின குதிரை சாயங்காலம் எப்படி நிக்கும்னு நினைச்சுப் பாருங்க, தரை வேற கல்லும் புதைகுழியுமா இருக்கும். 1861ல நடந்த முதல் மெல்போர்ன் கப்ல, நல்லா பராமரிச்ச நகரத்து மைதானத்துலயே, 17 குதிரை கிளம்பி, ஒண்ணு ஆரம்பத்துக்கு முன்னாடியே தறிகெட்டு ஓடி, மூணு விழுந்து, அதுல ரெண்டு செத்துப்போச்சு. ஜெயிச்ச ஆர்ச்சர் பேரை எல்லாருக்கும் தெரியும், அது 800 கிலோமீட்டர் நடந்தே வந்து ஜெயிச்சுதுன்னு ஒரு கதை இன்னும் சுத்துது, உண்மைல அது கப்பல்ல வந்துச்சு. செத்த ரெண்டோட பேரு மெடோரா, டெஸ்பாட்ச். அந்தப் பேரையும் எழுதணும்னு தோணுச்சு, எழுதிட்டேன்.

குதிரையைச் சுறுசுறுப்பாக்கக் குடுத்ததுல ஒண்ணு ஸ்ட்ரிக்னைன். இது எங்க இருந்து வருதுன்னா நம்ம எட்டி மரத்துக் கொட்டைல இருந்து. எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்னன்னு பழமொழி சொல்ற அளவுக்கு நமக்கு அது விஷம்னு தெரியும், இங்க டிங்கோ நாயையும் முயலையும் கொல்ல ஊரு ஊருக்கு கடைல அதை வித்தாங்க. அதையே துளி அளவுல டானிக்ல கலந்து மனுஷனுக்கும் குடுத்தாங்க, ஈஸ்டன் சிரப்னு இரும்பும் குயினைனும் ஸ்ட்ரிக்னைனும் சேர்ந்த டானிக் டாக்டர்களே எழுதினது. இன்னொண்ணு பாஷாணம், ஆர்செனிக். ஃபௌலர் சொல்யூஷன்னு 1786ல வந்தது, அதுல ஒரு சதவீதம் ஆர்செனிக் கலவை. மனுஷனுக்குக் காய்ச்சலுக்கும் தோலுக்கும், குதிரைக்குப் பசி எடுக்கவும் ரோமம் பளபளன்னு இருக்கவும். பளபளக்கற குதிரையைப் பாத்தா ஜனங்க பணம் கட்டுவாங்க.

இந்தப் பழக்கம் காலனி காலத்தோட முடியல. ஃபார் லாப், 1930 மெல்போர்ன் கப் ஜெயிச்ச குதிரை, இந்த நாடே தலைல தூக்கி வச்சுக் கொண்டாடின குதிரை, 1932 ஏப்ரல் 5ல கலிஃபோர்னியால திடீர்னு செத்துப்போச்சு. அதோட ரோமத்தை எடுத்து ஆராய்ச்சி பண்ணி, சாகறதுக்கு ஒண்ணு ஒன்றரை நாளுக்கு முன்னாடி பெரிய அளவுல ஆர்செனிக் உள்ள போயிருக்குன்னு 2010ல முடிவு சொன்னாங்க. அதோட டிரெய்னர் டெல்ஃபோர்ட் கைப்பட எழுதின டானிக் குறிப்பு நோட்டை 2008ல மெல்போர்ன் மியூசியம் 37,000 டாலர் குடுத்து ஏலத்துல வாங்கியிருக்கு, அதுல ஆர்செனிக்கும் இருக்கு, ஸ்ட்ரிக்னைனும் இருக்கு. யாரோ வேணும்னே விஷம் வச்சாங்களா, இல்ல அன்பா பாத்துக்கிட்ட கையே அளவு தப்பி ஊத்திடுச்சான்னு இன்னும் சண்டை போடறாங்க. ரெண்டாவது தான் எனக்கு நம்ப முடியுது, டோஸ் தப்பறது எவ்வளவு சுலபம்னு கவுண்டர்ல நிக்கறவங்களுக்குத் தெரியும். அந்தக் குதிரையோட தோலைப் பாடம் பண்ணி மெல்போர்ன்ல வச்சிருக்காங்க, இதயம் கான்பெராவுல, எலும்பு நியூசிலாந்துல.

பைல் பீன்ஸ் பத்தி சொல்லாம விட்டா எனக்கு ஆறாது. 1890கள் கடைசில ஆஸ்திரேலியால ஆரம்பிச்ச மாத்திரை, பித்தத்துக்குன்னு. விளம்பரத்துல சொன்ன கதை என்னன்னா சார்ல்ஸ் ஃபோர்டுன்னு ஒரு பெரிய விஞ்ஞானி, இந்த மண்ணோட பூர்வகுடிகளுக்கு சீக்கே வராம இருக்கறதைப் பாத்து அவங்க சாப்பிடற ஒரு மூலிகையைக் கண்டுபிடிச்சாருன்னு. அப்படி ஒரு விஞ்ஞானியும் இல்ல, மூலிகையும் இல்ல. நடத்தினது ஃபுல்ஃபோர்டு, கில்பர்ட்னு ரெண்டு பேரு, மாத்திரையை அமெரிக்க மருந்து கம்பெனி ஒண்ணுகிட்ட இருந்து மொத்தமா வாங்கினாங்க. எடின்பரோ கோர்ட்ல அவங்களே இன்னொருத்தர் மேல பேரைத் திருடிட்டான்னு கேஸ் போடப் போக, 1905ல நீதிபதி இந்த யாவாரமே மோசடில கட்டினதுன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு, அடுத்த வருஷம் அப்பீலும் நிக்கல. எந்த ஜனங்களோட நிலத்தைப் பிடுங்கி ஸ்டேஷனும் ரேஸ் மைதானமும் போட்டாங்களோ, அவங்க பேரையே லேபிள்ல ஒட்டி மலமிளக்கி வித்திருக்காங்க. அதே ஃபுல்ஃபோர்டு பின்னாடி ஆரம்பிச்சது தான் ஜாம்பக் களிம்பு, மலேசியா, சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு அந்தப் பச்சை டப்பா நல்லா தெரியும். இங்க விளையாட்டு மைதானத்துல முதலுதவி பண்ற ஆளுங்களுக்கே ஜாம்பக்னு பட்டப்பேரு வந்துடுச்சு.

எல்லாமே பொய்னும் சொல்ல மாட்டேன். ஜோசஃப் பொசிஸ்டோ 1850கள்ல விக்டோரியால காய்ச்சி எடுத்த யூகலிப்டஸ் எண்ணெய் இன்னிக்கும் என் கடை ஷெல்ஃப்ல இருக்கு, மூக்கடைப்புக்கு வாங்கிட்டுப் போறாங்க. நம்ம நீலகிரித் தைலமே இங்க இருந்து போன மரம் தானே, 1843ல ஊட்டிப் பக்கம் கொண்டுபோய் நட்டாங்க. எனக்குக் கிடைச்ச எல்லிமேன் பாட்டில்ல இருந்தது முட்டை, வினிகர், டர்பென்டைன். முட்டை சேர்த்தா எண்ணெயும் தண்ணியும் பிரியாம வெண்ணெய் மாதிரி நிக்கும், டர்பென்டைன் தோலைச் சூடாக்கும், ரத்த ஓட்டம் வரும், வலி மறக்கும். நியாயமான சரக்கு. அதையே யூனிவர்சல்னு வேற பேர்ல மனுஷனுக்கு வித்தாங்க, ராயல்னு போட்டது குதிரைக்கு.

கடைசில இங்க சட்டம் வந்துச்சு. விக்டோரியால 1905ல சுத்தமான உணவுக்குன்னு சட்டம், அதே வருஷம் வெளிநாட்டுல இருந்து வர்ற சரக்குக்கு உண்மையான லேபிள் வேணும்னு ஆஸ்திரேலிய மத்திய அரசோட சட்டம். 1907ல ஆக்டேவியஸ் பீல்னு சிட்னில பியானோ தயாரிச்சவரை ராயல் கமிஷனரா போட்டு ரகசிய மருந்துகளைப் பத்தி அறிக்கை வாங்கினாங்க. குழந்தைங்க சாகறதைப் பாத்து அவர் கொதிச்சு எழுதின அறிக்கை அது. அவரோட வேற பல கருத்து எனக்கு ஒப்பாது, ஆனா அந்தக் கொதிப்பு எனக்குப் புரியுது. டாக்டர் இல்லாத குறைக்கு வழி பொறந்தது இன்னும் பின்னாடி, 1928ல விமானத்துல பறந்து போற டாக்டர் சேவை வந்தப்ப. பேர்ட்ஸ்வில் ரேஸ்ல இன்னிக்கு அந்த சேவைக்காகவும் பணம் திரட்டறாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு தான் கொஞ்சம் நிம்மதியா தூங்கினேன்.

நடுவுல இன்னொரு விஷயம் கிடைச்சுது, அதை எழுதாம இருக்க முடியல. இந்த ஊரு குதிரைங்களை வேலர்னு சொல்வாங்க, நியூ சவுத் வேல்ஸ்ல இருந்து வந்ததால இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ்காரங்க வச்ச பேரு. ராணுவத்துக்குக் கப்பல் கப்பலா மெட்ராஸுக்குப் போயிருக்கு. அப்ப மெட்ராஸ்ல துறைமுகம் கிடையாது, கப்பல் கடல்லயே தள்ளி நிக்கும். 1834ல வரைஞ்ச ஒரு படம் இருக்கு, ஆஸ்திரேலியால இருந்து வந்த குதிரைங்களை மெட்ராஸ்ல இறக்கற காட்சி. மசூலா படகு, கட்டுமரம், அலைக்கு நடுவுல தலையை மட்டும் தூக்கிக்கிட்டு நீந்தற குதிரைங்க. வாரக்கணக்கா கப்பல் அடிவயித்துல நின்னே வந்த குதிரையை அந்த அலைல நம்ம கடற்கரை ஆளுங்க தான் பக்கத்துலயே இருந்து கரை சேர்த்திருக்காங்க. இங்க பாட்டில் கிடைச்ச ஆத்தங்கரைல ஓடின குதிரையோட கூடப்பொறந்தது எதாவது அங்க மணல்ல ஏறி உடம்பை உதறியிருக்குமோ என்னவோ.

போன சனிக்கிழமை எங்க ஊரு மைதானத்துல வருஷத்துல ஒரே தடவை நடக்கற ரேஸ். பாட்டிலைத் துணில சுத்தி பைல எடுத்துக்கிட்டுப் போனேன். லாயத்துக்குப் பின்னாடி ஒரு பெரியவர், எழுபது வயசு தாண்டியிருக்கும், ஒரு செவலைக் குதிரையோட முன்னங்காலை மடில வச்ச மாதிரி குனிஞ்சு முழங்காலுக்குக் கீழ தேய்ச்சுவிட்டுக்கிட்டு இருந்தாரு. மேல இருந்து கீழ இல்ல, கீழ இருந்து மேல, கட்டை விரலால நரம்பை ஒட்டியே ஏத்தி ஏத்தி. குதிரை காதைப் பின்னாடி சாய்ச்சு ஒரு கண்ணால அவரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. முடிக்கற வரைக்கும் நின்னேன். அப்புறம் பாட்டிலை எடுத்துக் குடுத்தேன்.

அவர் கையை பேன்ட்ல துடைச்சுட்டு வாங்கினாரு. கண்ணாடி போடாம எழுத்தை விரலாலயே தடவிப் படிச்சாரு. எங்கப்பா முட்டிக்கு இதைத் தான் தேய்ப்பாரு, மனுஷனுக்குன்னு ஒண்ணு வரும், அதை அவர் நம்பவே மாட்டாரு, குதிரைக்குக் குடுக்கறதுல ஏமாத்த முடியாது, காலு சரியாகலன்னா அது ஓடாதுன்னு சொல்வாருன்னாரு. சொல்லிட்டு பாட்டில் வாயை மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்தாரு. நூறு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தது, ஆத்து சேத்து வாசனை தான் வரும். அவர் கண்ணை மூடி கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்தாரு. செவலை கழுத்தை நீட்டி அதுவும் மோந்துச்சு, மூச்சு பட்டு கண்ணாடில ஆவி படிஞ்சு எழுத்து மறைஞ்சு திரும்ப வந்துச்சு. அதுக்குள்ள நாலாவது ரேஸுக்குக் கூப்பிட்டுட்டாங்க, பாட்டிலை என் கைல குடுத்துட்டு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போனாரு.